நான்கு கண், ஒரு கம்பம்

சிசிடிவி கொட்டேஷன்களில் இப்போதெல்லாம் ஒரு வரி தலைகாட்டுகிறது: ‘மல்டி-சென்சார் கேமரா, 32 மெகாபிக்சல், 360 டிகிரி – 1.’ விலை, சாதாரண கேமராவைப் போலப் பல மடங்கு. அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரோ, கல்யாண மண்டப உரிமையாளரோ, பள்ளித் தாளாளரோ அதைப் படிக்கும்போது மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். எட்டு மெகாபிக்சலிலேயே நன்றாகத் தெரிகிறதே, முப்பத்திரண்டு என்றால் நான்கு மடங்கு துல்லியமாகத் தெரியுமே என்று. அந்தக் கணக்கு தப்பு. கேமரா நல்ல சாதனம்தான். சரியான இடத்தில் வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அது மிச்சப்படுத்துவது கேபிளையும் கம்பத்தையும் வேலைக்கூலியையும். முகத்தை அது கூடுதலாகத் தெளிவாக்குவதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கியவர்களுக்கு அது தெரியவருவது, திருட்டு நடந்த மறுநாள் காலையில் பதிவை ஓட்டிப் பார்க்கும்போது.

ஒரே கூட்டுக்குள் இரண்டு முதல் நான்கு வரை தனித்தனி லென்ஸ்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் தனித்தனி சென்சார். இதுதான் மல்டி-சென்சார் கேமரா. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் லென்ஸ்கள் விசிறிபோல விரிந்து நிற்கும். அவை எடுக்கும் படங்களைக் கேமராவே ஒட்டி, 180 டிகிரிக்கு ஒரே நீளப் படமாகத் தரும். மற்றதில் லென்ஸ்கள் ஒரு வட்டத் தடத்தில் உட்கார்ந்திருக்கும். பொருத்துபவர் அவற்றை நகர்த்தி, ஒன்றை வாசலுக்கும் ஒன்றை மாடிப்படிக்கும் என்று வேண்டிய பக்கம் திருப்பி வைக்கலாம். எந்த வகையானாலும் கேமராவுக்குப் போவது ஒரே கேபிள். பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரி. ஒட்டுப்படம் திரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஒட்டு, குறிப்பிட்ட தூரத்துக்குச் சரியாக வரும்படி செய்யப்பட்டிருக்கும். லென்ஸுக்கு மிக அருகில் ஒருவர் கடந்தால், இரண்டு படங்கள் சேரும் கோட்டில் அவருடைய பாதி உடல் காணாமல் போகலாம், அல்லது ஒரே கை இரண்டு கையாகத் தெரியலாம். ஆகவே சுவரை ஒட்டிய நடைபாதைக்கு ஒட்டுப்பட வகை லாயக்கில்லை. திறந்த மைதானத்துக்குப் பொருந்தும்.

இனி மெகாபிக்சல் விஷயம். கேமராவுக்கு எதிரே ஒரு மீட்டர் அகலத்தில் இருப்பது பதிவில் எத்தனை புள்ளிகளாக விழுகிறது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கண்காணிப்பு கேமராக்களுக்கான சர்வதேசத் தர ஆவணமான ஐ.இ.சி. 62676-4, தன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்குப் படிப்படியாக அளவு வைத்தது. மீட்டருக்கு 25 புள்ளி இருந்தால், யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரியும். 62 புள்ளி அளவில் சட்டையின் நிறமும் தோளில் பை இருப்பதும் தெரியும். 125 இருந்தால், ஏற்கெனவே பழகியவரை இன்னார் என்று சொல்லிவிடலாம். முன்பின் அறியாத ஒருவரை ஐயத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும். மனித முகம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் அகலம். எனவே 250 என்பது முகத்தின் குறுக்கே 40 புள்ளி. நம் 32 மெகாபிக்சல் கேமராவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். நான்கு சென்சார்களில் ஒவ்வொன்றும் எட்டு மெகாபிக்சல், அதாவது குறுக்கே 3,840 புள்ளி. சுற்றுவட்டம் முழுவதும் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு லென்ஸும் 90 டிகிரிக்கு விரிய வேண்டும். அப்படி விரிந்த லென்ஸ், பத்து மீட்டர் தள்ளி இருபது மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 3,840 புள்ளிகளை மீட்டருக்கு 250 வீதம் பங்கிட்டால் பதினைந்து மீட்டர் சொச்சத்துக்குத்தான் வரும். லென்ஸ் அந்த அகலத்தைப் பார்ப்பது ஏழரை மீட்டர் தூரத்தில். 32 மெகாபிக்சல் கேமரா புதியவரின் முகத்தை அடையாளம் காட்டும் எல்லை அவ்வளவுதான். ஒரு நகரப் பேருந்தின் நீளம்கூட இல்லை. பதினைந்து மீட்டரில் தெரிந்தவரைத் தெரியும். முப்பது மீட்டரில் முகத்துக்குப் பத்துப் புள்ளிதான் மிஞ்சும். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் பத்துச் சதுரங்கள்தான் பெரிதாகும்.

இதே கணக்கை ஒரு சாதாரண இரண்டு மெகாபிக்சல் புல்லட் கேமராவுக்கும் போட்டுப் பார்க்கலாம். குறுக்கே 1,920 புள்ளி. 30 டிகிரி மட்டும் பார்க்கும் குறுகிய லென்ஸைப் போட்டால், அது பதினான்கு மீட்டர் வரை அடையாளம் காட்டும். மெகாபிக்சலில் பதினாறில் ஒரு பங்கு. முகம் தெரியும் தூரத்திலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் எளிது. நான்கு கண் கேமரா தன் புள்ளிகளை நாலாபுறமும் இறைக்கிறது. புல்லட் கேமரா தன்னிடம் உள்ள கொஞ்சத்தை ஒரே இடத்தில் குவிக்கிறது. கொட்டேஷனில் 32 என்று போட்டிருப்பது நான்கு எட்டுகளின் கூட்டுத்தொகை. எந்த ஒரு முகமும் அந்த 32-ஐயும் பெறப்போவதில்லை. டெண்டர் ஆவணங்களில்கூட ‘குறைந்தது 20 மெகாபிக்சல்’ என்று எழுதிவிட்டு, எந்தத் தூரத்தில் மீட்டருக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று எழுதாமல் விடுவது, துணிக்கடையில் நீளம் சொல்லாமல் கெஜ விலை மட்டும் பேசுவது போன்ற காரியம்.

உயரம் இந்தக் கணக்கை இன்னும் குறுக்கும். நாலாபுறமும் பார்க்க வேண்டும், யாரும் கைவைக்கக் கூடாது என்பதால் இந்தக் கேமராக்களைப் பெரும்பாலும் ஆறு மீட்டர் உயரத்தில் மாட்டுகிறார்கள். ஏழரை மீட்டர் தள்ளி நிற்பவரின் தலையை அங்கிருந்து பார்த்தால், பார்வை ஏறக்குறைய 30 டிகிரி கீழ்நோக்கிச் சாய்கிறது. பதிவில் கிடைப்பது உச்சந்தலையும் நெற்றியும் மூக்கு நுனியும். தொப்பியோ ஹெல்மெட்டோ இருந்தால் அதுவும் இல்லை. அதே கேமராவை மூன்றரை மீட்டருக்கு இறக்கினால் சாய்வு 14 டிகிரியாகக் குறைந்து முகம் கிடைக்கும், கூடவே கல்லெறியும் கிடைக்கலாம். ஐ.கே.10 என்று முத்திரை உள்ள கூடு 20 ஜூல் அடியைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கூடு உடையாவிட்டாலும், கீறல் விழுந்த கண்ணாடி வழியே இரவில் எதுவும் தெளிவாகத் தெரியாது.

கேமராவின் உண்மையான தேர்வு இரவில்தான். விளம்பரப் படங்களில் எல்லாம் பகல் வெளிச்சம் இருப்பது தற்செயல் அல்ல. வெளிச்சம் குறையும்போது கேமரா தன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. நொடியில் 25-ல் ஒரு பங்கு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பைக், அந்த இடைவெளியில் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பைக்கின் பின்புற நம்பர் பிளேட்டே 20 சென்டிமீட்டர் அகலம்தான். பிளேட் தன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இழுபட்டுப் படத்தில் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். ஷட்டரை 250-ல் ஒரு பங்காகக் குறைத்தால் இழுவை 4 சென்டிமீட்டராகும். ஆனால் படம் இருண்டுபோகும். அதற்கு ஈடாக வெளிச்சம் வேண்டும், அல்லது பெரிய சென்சார் வேண்டும். நான்கு சென்சார்களை ஒரு கூட்டுக்குள் அடக்கும்போது சில தயாரிப்புகளில் சென்சார் சிறியதாகிவிடுகிறது. ஒரே எட்டு மெகாபிக்சலைச் சின்னச் சில்லில் நெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறையும். எனவே விவரப் பட்டியலில் மெகாபிக்சலுக்கு அடுத்து பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. 1/1.8 அங்குலம் என்பது 1/2.8 அங்குலத்தைவிடக் கணிசமாகப் பெரியது. எழுத்தில் சின்ன வித்தியாசம், இரவில் பெரிய வித்தியாசம். அகச்சிவப்பு விளக்கு உள்ளேயே இருக்கிறது என்பதும் முழு ஆறுதல் இல்லை. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தை வெளுக்கச் செய்யும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரு நூலிழை ஆடினால் போதும், இரவு முழுக்க அதுவே வெள்ளைக் கயிறாகத் திரையில் தொங்கும். நான்கு கண் என்றால் துடைக்க நான்கு கண்ணாடி.

அப்படியானால் நான்கு தனிக் கேமராக்களையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். பல இடங்களில் அதுதான் சரி. கட்டடத்துக்குள் குழாய் போட்டு கேபிள் ஏற்கெனவே ஓடுகிறது, நான்கு மூலையிலும் சுவர் இருக்கிறது என்றால், தனித்தனி கேமராக்கள் மலிவு. ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் வேலை செய்யும். ஒவ்வொன்றையும் தனக்கு ஏற்ற உயரத்தில் வைக்கலாம். நான்கு கண் கேமராவில் ஒரு கேபிள் அறுந்தாலோ ஓர் இடி இறங்கினாலோ நான்கு பார்வையும் ஒன்றாக அணையும். இந்த ஆட்சேபம் நியாயமானது, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பெரிய கார் நிறுத்துமிடத்தின் நடுவில் ஒற்றைக் கம்பம் நிற்கிறது, கேபிள் கொண்டுபோகத் தார்ச்சாலையைத் தோண்ட வேண்டும் என்ற இடத்தை எண்ணிப் பாருங்கள். நாற்சந்திக் கம்பம், கிடங்கின் உள்வழிகள் சந்திக்கும் முனை, வெளிப்புறச் சுவரின் மூலை எல்லாம் இந்த வகைதான். அங்கே ஒரு கேபிள், ஒரு பிராக்கெட், ஒரு சர்ஜ் பாதுகாப்பு, ஏணி வண்டிக்கு ஒரே நாள் வாடகை. சில பதிவு மென்பொருள்களில் உரிமக் கட்டணம் ஐ.பி. முகவரிக்கு ஒன்று என்பதால் அதிலும் மிச்சம். வேறு சிலவற்றில் பார்வைக்கு ஒன்று, அங்கே மிச்சமில்லை. இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இத்தகைய இடங்களில் நான்கு தனிக் கேமராக்களின் மொத்தச் செலவு, கேமரா விலையால் அல்ல, மண்வெட்டியால் ஏறும்.

சுழன்று பார்க்கும் பி.டி.இசட். கேமரா இருக்க இது எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கேமரா தூரத்தில் உள்ளதை நெருங்கிக் காட்டும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும். யாராவது உட்கார்ந்து அதை இயக்கிக்கொண்டிருந்தால் பயனுண்டு. வாட்ச்மேன் கேட்டுக்குப் போயிருக்கும்போது அது கிழக்கே பார்த்திருந்தால், மேற்கே நடந்தது எந்தப் பதிவிலும் இராது. மீன்கண் லென்ஸ் கேமராவோ எல்லாத் திசையையும் ஒரே சென்சாரில் அமுக்குகிறது. சின்னக் கடைக்கும் லிஃப்ட் முன்கூடத்துக்கும் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. நான்கு கண் கேமராவின் தனிப்பலம் இங்கேதான் வருகிறது. அது எப்போதும் எல்லாப் பக்கமும் பதிகிறது. ஆள் எந்த வழியாக வந்தார், எந்த வண்டிக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் நின்றார், எந்தப் பக்கம் போனார் என்பதைத் தொடர்ச்சியாகச் சொல்லும். முகத்தைச் சொல்ல, ஆட்கள் தப்பாமல் கடக்கும் வாசலில் குறுகிய லென்ஸுடன் ஒரு கேமரா. நம்பர் பிளேட்டுக்கு, வேகமான ஷட்டரும் தனி வெளிச்சமும் உள்ள இன்னொன்று. நடுவில் நான்கு கண், வாசலில் இரண்டு ஒற்றைக் கண் என்பதே என் கணிப்பில் பெரும்பாலான வளாகங்களுக்குச் சரியான சேர்க்கை. எல்லா வேலையையும் ஒரே கேமரா பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, மங்கிய படத்தை அது தெளிவாக்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். மனிதர் எது, நாய் எது, ஆடும் மரக்கிளை எது என்று பிரித்துப் பொய் அலாரத்தைக் குறைப்பதில் அது நிஜமாகவே உதவுகிறது. ஆனால் முகத்துக்குப் பத்தே புள்ளி இருக்கும் படத்திலிருந்து அது வரைந்து தரும் முகம், ஊகம். அந்த ஊகத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று காட்டுவது ஆபத்து. தவிர, நான்கு சென்சாருக்கும் ஒரே பிராசசர் இருக்கும் மாடல்களில், இந்த அலசல் நான்கு பார்வையிலும் முழு வேகத்தில் ஓடுமா என்பதையும் விவரப் பட்டியலின் சிறிய எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருத்துபவரின் திறமை தெரிவது மின்சாரத்திலும் சேமிப்பிலும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பி.ஓ.இ. முறையில், பழைய தரத்தில் கேமராவைச் சென்றடைவது 12.95 வாட், அடுத்த தரத்தில் 25.5 வாட். நான்கு சென்சாரும் அகச்சிவப்பு விளக்கும் உள்ள கேமரா, முதல் தரத்துக்குள் அடங்குவது அரிது. பகலில் ஒழுங்காக ஓடிய கேமரா, இருட்டியதும் விளக்குகள் எரியத் தொடங்க, மின்சாரம் போதாமல் அணைந்து அணைந்து எழுந்தால், குற்றவாளி பெரும்பாலும் மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச்தான், அல்லது செம்பு முலாம் பூசிய அலுமினிய கேபிள். விலை குறைவு என்று அந்த கேபிளைச் சுருட்டிக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். சேமிப்புக் கணக்கு இன்னும் கடுமை. பார்வைக்கு நொடிக்கு 6 மெகாபிட் என்றால் நான்குக்கும் 24. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 259 ஜிகாபைட். முப்பது நாளைக்கு 7.8 டெராபைட். பதிவுப் பெட்டியான என்.வி.ஆரில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தால் பதினாறாம் நாளே பழையதன்மேல் புதியது எழுதத் தொடங்கும். ஒரு கேமராதானே என்று நினைத்தது, என்.வி.ஆரில் நான்கு சேனல்களையும் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்க் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கசப்பான சாட்சி உண்டு. 2020-ல் சாத்தான்குளம் காவல் மரண வழக்கை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தில் கேமராவும் போதிய இடமுள்ள ஹார்ட் டிஸ்க்கும் இருந்தும், பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலைய கேமராக்களுக்கு இரவுப் பார்வையும் ஒலிப்பதிவும் வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமராவை மதிப்பிடும்போது அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எத்தனை நாள் பதிவு நிற்கிறது, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதும் மதிப்பீட்டில் சேர்த்திதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. பத்து நிமிடம் தவறான கடிகாரம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே கொடுக்கும் பரிசு.

இணையப் பாதுகாப்பை ஒதுக்கிவிட முடியாது. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் படையாகத் திரட்டி, அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே மணிக்கணக்கில் முடக்கியது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல், விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புத் தேவைகளுக்கு உட்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். வாங்கும் மாடலின் பெயருக்கே அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே நிறுவனத்தின் வேறு மாடலுடையதைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

இவ்வளவு கணக்கும் ஒரு சங்கச் செயலாளருக்கு எதற்கு, அதற்குத்தானே ஆளை அமர்த்துகிறோம் என்றால், அதுவும் சரி. கணக்கை அவர் போடட்டும். நீங்கள் ஓர் இரவு மட்டும் கேளுங்கள். கம்பத்தில் துளை போடுவதற்கு முன், கேமராவை மாட்டப்போகும் உயரத்திலேயே தற்காலிகமாகக் கட்டச் சொல்லுங்கள். தரையில் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல், கேமராவைப் பொருத்துபவருக்கு அறிமுகமில்லாத ஒருவரை இயல்பான நடையில் அந்தக் கோடுகளைக் கடக்க விடுங்கள். பிறகு ஒரு பைக்கைக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். ஒரு காரின் ஹெட்லைட்டைக் கேமராவை நோக்கி எரியவிட்டு, அதன் முன்னால் மறுபடி நடக்கச் சொல்லுங்கள். நேரலையில் பார்க்காதீர்கள், பதிவைப் பென்டிரைவில் எடுத்து, மறுநாள் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, எந்தக் கோடு வரை முகம் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தைக் கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவருக்கு வேலையைக் கொடுங்கள்.